கறள் எடுக்கும் லேசர் குழப்படி செய்தால் முதலில் எங்கே பார்ப்பது

கையில் பிடித்துக் கறள் எடுக்கும் லேசரை வாங்கி இறக்கியாயிற்று, முதல் மாதம் நன்றாகவே ஓடியது, பிறகு ஒருநாள் பட்டறைப் பெடியன் வந்து "அண்ணை, லேசர் செத்துப்போச்சு" என்கிறான். அந்த நேரத்தில் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் லேசர் சாவதில்லை. கதிரை உண்டாக்கும் பெட்டி இறுக மூடி வருகிற சாமான், இயந்திரத்திலேயே விலை கூடியதும் அதுதான், ஆனால் கோளாறு வருவது அதைச் சுற்றியுள்ள மலிவான விஷயங்களில்: முன்னால் இருக்கும் ஒரு சிறிய லென்ஸ், லேசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லரில் ஊற்றிய தண்ணீர், லென்ஸில் தூசி படியாமல் ஹெட் (கையில் பிடிக்கும் பகுதி) வழியே ஊதுகிற கொம்பிரசர் காற்று, எர்த். கையேட்டை எழுதியவர்கள் காற்றுப்பதனம் போட்ட உலர்ந்த தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ மயிலிட்டியிலோ கடற்காற்று நேராக உள்ளே வருகிற தகரக் கொட்டிலை அவர்கள் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். ஆகவே கீழே உள்ளதை அறிகுறிப்படி பாருங்கள், பெட்டியைத் திறக்கும் யோசனையைக் கடைசிக்கு விடுங்கள். உண்மையில் கடைசியிலும் வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

இந்த இயந்திரங்களின் கதிர் பெரும்பாலும் 1064 முதல் 1080 நனோமீற்றர் அலைநீளத்தில் வருவது, கண்ணுக்குத் தெரியாது. ஹெட் நுனியில் தெரிகிற சிவப்பு வெளிச்சம் இடம் காட்டுவதற்கு மட்டும், வேலை செய்கிற கதிர் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. ஆனால் கண்ணின் வில்லை அதையும் ஒழுங்காகக் குவித்து விழித்திரையில் போடும், விழித்திரைக்கோ நோவு தெரியாது. பார்வையில் ஒரு கறுப்புப் பொட்டு நின்ற பிறகுதான் நடந்தது விளங்கும். இவை 4ஆம் வகுப்பு லேசர்கள், நேரே வரும் கதிர் மட்டுமல்ல, பளபளப்பான இரும்பில் பட்டுத் தெறிப்பதும் கண்ணைக் கெடுக்கும்.

வெல்டிங் முகமூடி இதற்குப் போதாது, கறுப்புக் கண்ணாடி சுத்தமாகப் போதாது. லேசர் கண்ணாடியின் விளிம்பிலோ சட்டத்திலோ அலைநீள வீச்சும் ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் திறன்) அளவும் அச்சிட்டிருக்கவேண்டும், ஐரோப்பியக் கண்ணாடியானால் ஈ.என். 207 தரத்தின்படி எல்.பி. எண் இருக்கும். உங்கள் இயந்திரத்தின் அலைநீளம் அந்த வீச்சுக்குள் விழவேண்டும். ஓ.டி. 6 என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்று பொருள். இயந்திரத்தோடு சும்மா பொலித்தீன் பையில் போட்டு வந்த பச்சைக் கண்ணாடியில் ஒன்றும் எழுதியில்லை என்றால் அதை மேசை லாச்சியில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். நல்ல கண்ணாடி போட்டாலும் கதிருக்குள் பார்ப்பதற்கல்ல, தவறித் தெறிப்பதைத் தாங்குவதற்குத்தான். பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுக்கிறவருக்கும் கண்ணாடி வேண்டும், போனின் கமெரா பழுதாகலாம் என்பதையும் அவருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

நம்முடைய பட்டறைகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, கிடுகு வேலி. காய்ந்த கிடுகில் இந்தக் கதிர் பட்டால் தீப்பிடிக்கும், கிடுகின் இடைவெளியால் போனால் அடுத்த வளவில் நிற்கிறவரின் கண்ணுக்கு. வேலை செய்யும் பக்கத்தைத் தகரத்தால் அடையுங்கள், தகரம் பளபளப்பாக இல்லாமல் மங்கலாக இருக்கட்டும், கதிர் எப்போதும் நிலத்தையோ அந்த மறைப்பையோ பார்க்கிற மாதிரி நில்லுங்கள். பெற்றோல் தாங்கி, தின்னர் போத்தல், எண்ணெய்த் துணி எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடாது. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

கோளாறு பார்க்கும்போது: இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கழற்றி, பார்க்கிறவர் தன் பொக்கற்றில் போட்டுக்கொள்ளவேண்டும். மெயினையும் நிறுத்துங்கள். லென்ஸைக் கையில் வைத்திருக்கும்போது வேறொருவர் "வேலை செய்யுதோ பாப்பம்" என்று சுவிட்ச் போடுகிற பட்டறைகள்தான் இங்கே அதிகம்.

ஒன்றுமே வரவில்லை

திரை எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அவசர நிறுத்தப் பொத்தான், அந்தச் சிவப்புக் குமிழ், அமத்தியபடி இருக்கலாம். திருகினால் மேலே வரும். பாதி அழைப்புகள் இதோடு முடியும். திரை எரிந்து கதிர் வரவில்லை என்றால் திரையில் ஏதாவது எச்சரிக்கை இருக்கிறதா, சில்லர் ஓடுகிறதா, காற்றழுத்தம் வந்திருக்கிறதா, லேசரை இயக்கும் குறி திரையில் போடப்பட்டிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். சில ஹெட்களில் ட்ரிகரை இரண்டு தரம் அமத்தவேண்டும், முதல் அமத்தல் ஆயத்தம், இரண்டாவதுதான் கதிர்.

வெல்டிங், வெட்டுதல், சுத்தம் செய்தல் மூன்றும் செய்கிற இயந்திரம் என்றால் ஒரு கிளிப் இருக்கும். வெல்டிங்கில் அதை வேலைத் துண்டில் மாட்டி, ஹெட் நுனி இரும்பைத் தொட்டால்தான் கதிர் வரும். கிளிப் பெயின்ற் மேலோ கறள் மேலோ மாட்டியிருந்தால் தொடர்பு கிடைக்காது, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் மாட்டுங்கள். இந்த லொக்கை ஒரு துண்டு வயரால் சோட் பண்ணிவிட்டு "இப்ப நல்லா வேலை செய்யுது" என்று சொல்கிறவர்களிடம் இருந்து தள்ளி நில்லுங்கள். சுத்தம் செய்யும்போது ஹெட் இரும்பைத் தொடுவதே இல்லை, ஆகவே பல இயந்திரங்களில் அந்தப் பயன்முறையில் இந்தக் காவல் இருக்காது. ட்ரிகரை அமத்தினால் எங்கே காட்டியிருக்கிறீர்களோ அங்கே கதிர் போகும், அதையும் மறக்காதீர்கள்.

சிவப்பு வெளிச்சம் வருகிறது, கறள் போகவில்லை

இதுதான் அதிகம் வருகிற முறைப்பாடு. நேற்று ஒரு இழுப்பில் போன கறளுக்கு இன்று நான்கு இழுப்பு வேண்டியிருக்கிறது, ஆக்கள் உடனே சக்தியைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள். ஹெட்டின் முன்னால் இருக்கிற அந்தச் சிறிய காப்பு லென்ஸ் அழுக்காகியிருக்கும், அழுக்கின் மேல் கூடிய சக்தி பட்டால் லென்ஸ் வெடிக்கும், அதன் துகள் உள்ளே இருக்கிற விலை கூடிய லென்ஸையும் கொண்டுபோகும்.

இயந்திரத்தை நிறுத்தி, மேலே சொன்னபடி சாவியைப் பொக்கற்றில் போட்டுவிட்டு ஹெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பெரும்பாலும் அழுக்குத்தான். கிரைண்டர் ஓடாத, மின்விசிறி சுழலாத ஒரு அறைக்கு ஹெட்டைக் கொண்டுபோக முடியுமானால் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பட்டறையில் கொஞ்ச நேரம் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். கையைக் கழுவித் துடைத்துக் கையுறை போடுங்கள். லென்ஸ் இருக்கும் சிறு லாச்சியை வெளியே இழுத்தவுடன் அந்த வாயை உடனே சுத்தமான ரேப்பால் ஒட்டுங்கள். திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் தூசி உள்ளே போய்விடும், சோழகக் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

லென்ஸை விளிம்பில் மட்டும் பிடித்து, போன் வெளிச்சத்துக்குக் கீழே சரித்துச் சரித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெளிவாகத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். சரிக்கும்போது ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றிப் பால் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் அது எரிந்த இடம். அந்த லென்ஸ் முடிந்தது, துடைத்துப் பயனில்லை, மாற்றவேண்டும். வெறும் தூசியோ மங்கலோ என்றால் 99 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்ககோலை நூல் விடாத லென்ஸ் தாளில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே ஒரே திசையில் துடைத்து, அந்தத் தாளை எறியுங்கள். லேஞ்சி, சேர்ட் நுனி, வாயால் ஊதுதல், மருந்துக்கடையில் வாங்கிய கை கழுவும் அல்ககோல் எதுவும் வேண்டாம். கொம்பிரசர் காற்றால் ஊதவும் வேண்டாம், ஏன் என்பது கீழே வரும்.

மாற்றுகிற லென்ஸ் அதே விட்டம், அதே தடிப்பு, அதே அலைநீளத்துக்கான பூச்சு உள்ளதாக இருக்கவேண்டும். கண்ணாடிக் கடையில் வட்டமாக வெட்டித் தரச்சொல்லிக் கேட்கிற வேலை வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் ஓரிங் கருகியோ நசுங்கியோ இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது லென்ஸும் விரைவில் அதே கதிக்கு வரும்.

லென்ஸ் சுத்தமாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால் தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஹெட்டுக்கும் ஒரு குவியத் தூரம் இருக்கிறது, அதைவிடக் கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் கதிர் விரிந்து பலவீனமாகும். கையில் பிடித்துச் செய்வதால் களைத்த கை மெல்லமெல்லக் கிட்டப் போய்விடும், மத்தியானத்துக்குப் பிறகு "லேசர் பலம் குறையுது" என்று வருகிற முறைப்பாட்டுக்குப் பல நேரம் இதுதான் காரணம். குவியத் தூரத்துக்கு ஒரு மரக்குச்சியை வெட்டி அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், தொடங்க முன் அளந்து பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்துவிடுங்கள்.

லென்ஸ் அடிக்கடி எரிகிறது என்றால் வேலை செய்யும் விதத்தையும் பார்க்கவேண்டும். தலைக்கு மேலே இருக்கும் இரும்பைச் சுத்தம் செய்தால் கறள்தூள் நேராக ஹெட் வாய்க்குள் விழும். காற்று முதலில் வந்து பிறகு கதிர், நிறுத்தும்போது கதிர் முதலில் நின்று பிறகு காற்று, இந்த ஒழுங்கு திரையில் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோடாக வரவேண்டியது புள்ளியாகிவிட்டது

உடனே ட்ரிகரை விடுங்கள். ஹெட்டுக்குள் ஒரு சிறிய கண்ணாடி வேகமாக ஆடித்தான் கதிரைக் கோடாக விரிக்கிறது. அது நின்றால் முழுச் சக்தியும் ஒரே புள்ளியில் விழும், ஆயிரம் வாற்றுக்கு மேற்பட்ட தொடர்கதிர் இயந்திரம் (இடைவிடாமல் கதிர் விடுவது) என்றால் மெல்லிய தகடு ஓட்டையாகும். அதை ஆட்டும் மோட்டார் நின்றால் கதிரை வெட்டும் பாதுகாப்பு பல இயந்திரங்களில் உண்டு, ஆனால் அதை நம்பி வேலையைத் தொடராதீர்கள். லேசரை அணைத்து, சிவப்பு வெளிச்சத்தை மட்டும் ஒரு வெள்ளைக் கடதாசியில் விழுத்துங்கள். கோடு தெரிந்தால் யாரோ திரையில் அகலத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு திருத்தியிருக்கிறார்கள், அல்லது வயர் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. புள்ளியாகவே நின்றால் அகல அளவைப் பாருங்கள், பிறகு ஹெட்டுக்குப் போகும் இணைப்பியைப் பாருங்கள், அதற்குமேல் விற்றவருக்குத்தான்.

சுத்தம் செய்த இடம் வரிவரியாக இருந்தால் இயந்திரத்தில் பிழையில்லை, கை வேகமாகப் போகிறது அல்லது ஆட்ட வேகம் குறைவாகப் போட்டிருக்கிறது. கோட்டின் இரண்டு முனையும் மட்டும் கூடுதலாகக் கருகினால், ஆடும் கண்ணாடி திரும்புகிற இடத்தில் வேகம் குறைவதால் அங்கே கதிர் கூட நேரம் நிற்கிறது. ஒவ்வொரு இழுப்பையும் முந்தினதன் ஓரத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி செய்து, சக்தியைச் சிறிது குறைத்தால் தெரியாது.

சில்லர் கத்துகிறது, குழாய் வியர்க்கிறது

நீர்ப்பாய்ச்சல் எச்சரிக்கை வந்தால் தாங்கியில் தண்ணீர் மட்டம், மடிந்த குழாய், அடைத்த வடிகட்டி, இந்த மூன்றும்தான். தண்ணீர் மாற்றிய உடனே வந்தால் குழாயில் காற்று நிற்கிறது, சில தரம் நிறுத்திப் போட்டால் போகும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது, கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே படை லேசர் பெட்டிக்குள் இருக்கும் விரல்தடிப்புக்கும் குறைந்த நீர்ப்பாதைகளில் படிந்தால் துடைக்க வழியில்லை. கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். குடிநீருக்காக ஆர்.ஓ. செய்த தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்பார்கள், அதிலும் உப்புகள் மிச்சம் இருக்கும். வடித்த தண்ணீர் அல்லது அயன் நீக்கிய தண்ணீர்தான் ஊற்றவேண்டும். பற்றரிக் கடையில் வாங்கினால் மூடி திறக்காத, தண்ணீர் என்று எழுதிய போத்தலாகப் பார்த்து வாங்குங்கள், அருகிலேயே அசிட்டும் விற்கிறார்கள். கார் ரேடியேற்றருக்கு விடும் கூலன்ற் வேண்டாம், இங்கே உறைபனி வரப்போவதில்லை. தாங்கி ஒளி புகும் பிளாஸ்ரிக் என்றால் வெயில் படாமல் வையுங்கள், பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் முழுவதையும் மாற்றி வடிகட்டியையும் கழுவுங்கள். மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்லும், இந்தச் சூட்டுக்கு அதைவிட முந்தி மாற்றுவது நல்லது.

இப்போது வியர்வை. காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் கிட்டத்தட்ட 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் நீர்த்துளி படியும். மாரி காலத்து விடியற்காலை 28 பாகையும் 90 வீதமும் என்றாலும் அதே 26தான். சில்லரை 22க்கோ 25க்கோ வைத்து ஓட்டினால் குழாய்க்கு வெளியே மட்டுமல்ல, பெட்டிக்குள் மின்சுற்றுகளின் மேலும் லென்ஸின் மேலும் தண்ணீர் படியும். லேசர் உண்மையிலேயே சாகிற வழிகளில் இது முக்கியமானது. மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். சில்லர் வெப்பநிலையை அன்றைய பனிநிலைக்கு (நீர்த்துளி படியத் தொடங்கும் வெப்பநிலை) மேலே வைக்கவேண்டும், அதே நேரம் கையேடு அனுமதிக்கும் உச்சத்தைத் தாண்டவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் இடமில்லை என்றால் அன்று இயந்திரத்தை மூடிய அறைக்குள் வைத்து, ஏசி போட்டு ஈரத்தைக் குறைத்துத்தான் ஓட்டலாம். ஏசி அறையில் இரவு முழுவதும் இருந்ததை வெளியே எடுத்தவுடன் போடாதீர்கள், வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள். வேலை முடிந்ததும் லேசரை நிறுத்திச் சில்லரையும் நிறுத்தவேண்டும், இரவு முழுவதும் குளிர்தண்ணீர் சுழன்றால் காலையில் பெட்டி நனைந்திருக்கும்.

கொம்பிரசரால் வருகிற வினை

லென்ஸில் எண்ணெய்ப் படலமோ சிறு துளிகளோ தெரிந்தால் காற்றைச் சந்தேகப்படுங்கள். ரயருக்குக் காற்றடிக்கிற எண்ணெய் கொம்பிரசரில் ஒரு ரீ இணைப்புப் போட்டு எடுத்த காற்று இதற்கு ஆகாது. ஹெட்டில் மாட்டும் குழாயைக் கழற்றி, வெள்ளைக் கடதாசிக்கு நேரே கொஞ்ச நேரம் காற்றை விடுங்கள். ஈரப் பொட்டோ மஞ்சள் கறையோ வந்தால் அது அத்தனையும் இவ்வளவு நாளும் லென்ஸில்தான் விழுந்தது. நீர் பிரிப்பான், எண்ணெய் வடிகட்டி, முடிந்தால் உலர்த்தியும் போடுங்கள். தாங்கியின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியே விடவேண்டும். மாரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒருநாள் போத்தலில் பிடித்துப் பார்த்தால் பிறகு மறக்கமாட்டீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, ஹெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது

சுரீர் என்றால் அன்றைய வேலை முடிந்தது, மின்னியலாளர் வந்து பார்க்கும்வரை போடக்கூடாது. எர்த் இல்லை, அல்லது இருக்கிற எர்த் பெயருக்குத்தான். வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் கொஞ்சத் தடிப்புத்தான், அதற்குக் கீழே கல். எர்த் கம்பியை அடித்தவர் கல்லில் முட்டியதும் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போயிருப்பார். மாரியில் ஈரத்தோடு ஓரளவு வேலை செய்யும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் கைவிடும். எர்த் மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள், பல்ப் எரிகிறது என்று காட்டுவதை ஏற்காதீர்கள். திரை காரணமில்லாமல் உறைவது, எச்சரிக்கைகள் வந்து தானாகப் போவது ஆகியவற்றுக்கும் எர்த்தை முதலில் பாருங்கள்.

தொடங்கும்போது மட்டும் பிரேக்கர் விழுகிறது என்றால் சுமை. 13 அம்பியர் பிளக் 230 வோல்ற்றில் 3 கிலோவாற்று அளவைத்தான் தாங்கும். காற்றால் குளிரும் 100, 200 வாற்றுத் துடிப்பு லேசருக்கு (விட்டுவிட்டுக் கதிர் அடிப்பது) அது தாராளம். 1500 வாற்றுத் தொடர்கதிர் லேசர் சில்லரோடு சேர்த்து அதைவிட மிகக் கூடுதலாக இழுக்கும், மெயினிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். பிளக் சுடுகிறது, சுவர்ப் பொயின்ற் மஞ்சளாகிறது என்றால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஜெனரேற்றரில் ஓட்டுவதென்றால் வோல்ற்று ஏறி இறங்காமல் பார்க்கும் வசதி அதில் இருக்கவேண்டும், அதே ஜெனரேற்றரில் வெல்டிங் செற்றையும் போடாதீர்கள்.

பித்தளை வைத்தால் நின்றுவிடுகிறது

தெறித்துத் திரும்பும் கதிரின் எச்சரிக்கை அது. பளபளப்பான செம்பு இந்த அலைநீளத்தில் 90 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், பித்தளையும் அலுமினியமும் அதற்குக் கிட்டத்தான். ஹெட்டை நேர்க்குத்தாகப் பிடித்தால் அது வந்த வழியே, ஹெட்டையும் பெட்டியையும் இணைக்கிற நார் வழியாகப் பெட்டிக்குள் திரும்பும். சரித்துப் பிடியுங்கள், தெறிப்பு ஆளில்லாத பக்கத்துக்குப் போகும்படி சரியுங்கள். எச்சரிக்கையை அழித்து அழித்துத் தொடர்ந்தால் பெட்டிக்கே சேதம். இங்கே கோயில் குத்துவிளக்கைக் கொண்டுவந்து "கிளீன் பண்ணித் தாங்கோ" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். புளியும் சாம்பலும் செய்கிற வேலைக்கு லேசர் எதற்கு என்பது என் எண்ணம், பழைய விளக்கின் நுணுக்க வேலையைக் கெடுத்துவிட்டால் ஈடுசெய்யவும் முடியாது.

நார்க் குழாயை ஆரை ஒரு சாணுக்கும் குறைந்த வட்டமாக வளைக்காதீர்கள், மிதிக்காதீர்கள், ஹெட்டை அதில் தூக்கித் தொங்கவிடாதீர்கள். உள்ளே கண்ணாடி நார் இருக்கிறது. குழாய் ஓரிடத்தில் சுட்டால் உடனே நிறுத்தவேண்டும்.

இரும்பு நீலமாகிறது, தகடு நெளிகிறது, பெயின்ற் கரியாக ஒட்டுகிறது

நீலமும் பழுப்பும் வெப்பத்தின் நிறம், கை மெதுவாகப் போகிறது அல்லது சக்தி கூட. தொடர்கதிர் இயந்திரத்தில் இது அதிகம், துடிப்பு லேசர் நனோசெக்கன் அளவில் அடித்து விடுவதால் அடியிலுள்ள உலோகம் அவ்வளவு சூடாவதில்லை. நம் ஊரில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்றவற்றின் கதவுத் தகட்டைத் தொடர்கதிரால் செய்யவே வேண்டாம், நெளிந்தால் தட்டி நேராக்க ரிங்கரிங் வேலை இரண்டு மடங்காகும். அந்தக் கார்களின் பொருத்துகளில் ஈயம் பூசியிருக்கலாம், பழைய பெயின்றிலும் ஈயம் இருக்கலாம், அது புகையாக வருவதை அடுத்த பகுதியில் பாருங்கள். தடித்த பெயின்ற் கரியாக ஒட்டினால் ஒரே இழுப்பில் எல்லாம் எடுக்கப் பார்க்கிறீர்கள், சக்தியைக் குறைத்து வேகமாக இரண்டு மூன்று தரம் போங்கள்.

புகை, தொண்டைக் கரகரப்பு, இரவில் காய்ச்சல்

கல்வனைஸ் பூச்சை எரித்துவிட்டு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வந்தால் அது துத்தநாகப் புகை, வெல்டிங் செய்கிறவர்களுக்குத் தெரிந்த வருத்தம்தான். ஸ்ரெயின்லெஸ் இரும்பிலிருந்தும் குரோமேற் பிரைமரிலிருந்தும் வருவது அதைவிட மோசம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசம் இதற்கு ஒன்றும் செய்யாது. எஃப்.எஃப்.பி. 3 அல்லது பி. 100 வடிகட்டியுள்ள முகமூடியும், வேலை செய்யும் இடத்துக்குக் கிட்டவே புகையை உறிஞ்சும் குழாயும் வேண்டும். கதவைத் திறந்து வைத்தேன், காற்று அடிக்கிறது என்பது பதிலாகாது, அந்தப் புகை அடுத்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போகும். பி.வி.சி. சாமான்களில் இந்தக் கதிரைப் பிடிக்கவே கூடாது, ஐதரோகுளோரிக் அமில வாயு வரும். பாசையூரிலும் குருநகரிலும் இருக்கிற பைபர் வள்ளங்களின் உடலும் அப்படித்தான், பிசின் எரியும். நங்கூரம், இரும்புக் கொளுக்கி, இயந்திர அடித்தாங்கி என்று கழற்றி எடுத்து வந்து செய்யுங்கள்.

கண்ணில் கதிர் பட்டதாகச் சந்தேகம் வந்தால், பார்வை மங்குதல், பொட்டு, மின்னல் போல ஒன்று, தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அன்றே போய் லேசர் பட்டதென்றும் உங்கள் இயந்திரத்தின் அலைநீளத்தையும் சொல்லுங்கள். இயந்திரத்தின் பெயர்த்தகட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவும்.

இன்று எடுத்த கறள் நாளை காலை திரும்பி வந்துவிட்டது

லேசரைத் திட்டவேண்டாம். வெறுமையான இரும்பும் கடற்காற்றும் சேர்ந்தால் ஓரிரு மணித்தியாலத்திலேயே செம்மஞ்சள் நிறம் தொடங்கும். கடலோரச் சாமானில் கறள் தின்ற குழிகளுக்குள் உப்பு இருக்கும், மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் குழியில் மிச்சம் நிற்கலாம், அது ஈரத்தை இழுக்கும். குழியுள்ள இடங்களில் மெதுவாக இன்னொரு இழுப்பு, பிறகு வடித்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, சூட்டுக் காற்றால் முழுவதும் உலர்த்தி, அங்கேயே பிரைமர். கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் எடுத்த உப்பைத் திருப்பிப் பூசுகிறீர்கள். வாடைக்காற்று அடிக்கிற நாளில் கேற் முழுவதையும் சுத்தம் செய்து முடித்துவிட்டுப் பின்னேரம் பெயின்ற் அடிக்கலாம் என்று வைக்காதீர்கள், ஒரு பலகம் முடிந்ததும் அதற்குப் பிரைமர், பிறகு அடுத்தது. கை வெறும் இரும்பில் படக்கூடாது, வியர்வை பட்ட விரலடையாளம் அடுத்த நாள் கறளாகத் தெரியும்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் விற்றவரை அழையுங்கள். அழைக்க முன் திரையிலுள்ள எச்சரிக்கையின் படம், சரித்து எடுத்த லென்ஸின் படம், சில்லர் வெப்பநிலை, அந்த நேரத்து ஈரப்பதன், பிளக்கில் அளந்த வோல்ற்று இவற்றை எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டு நாள் மினக்கெடுத்துவார்கள். ஹெட்டையும் நாரையும் கொழும்புக்கு அனுப்பச் சொன்னால் அவற்றைப் பிரிக்கும் இணைப்பைப் பட்டறையில் வைத்துக் கழற்றாதீர்கள், ஒரு தூசி நாரின் முனையில் இருந்தால் அடுத்த தரம் போட்டதும் முனை எரியும். முழு இயந்திரத்தையும் அனுப்புவதுதான் நல்லது. சில்லர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் வாயை மூடியால் மூடி, நாரைப் பெரிய வட்டமாகச் சுற்றி, பஸ்ஸில் போடாமல் ஆளோடு வானில் அனுப்புங்கள்.